ஓய்வுபெற்று மெல்பர்ன் வந்த அப்பாவும் அம்மாவும் பகலில் எங்கே போகலாம்?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அப்பா திருச்சியில் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர், வயது 67. அம்மா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். இருவரும் நிரந்தர விசாவில் மெல்பர்ன் வந்து சில மாதங்கள் ஆகின்றன. அம்மாவுக்குச் சமையலும் பேரனும் பொழுதை இழுத்துக்கொள்கின்றன. அப்பா காலையிலிருந்து தமிழ்ச் செய்தி சேனல் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அடிக்கடி "நான் ஊருக்கே போயிடறேன்" என்கிறார். வயதானவர்களுக்கு இங்கே பொழுதுபோக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது நானும் ஓய்வுபெற்றவள்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பொழுதுபோக்கு என்று தேட ஆரம்பிக்காதீர்கள். உங்கள் அப்பா ஒரு செக்‌ஷனையே கையில் வைத்திருந்தவர். புயல் அடித்து லைன் அறுந்தால் நடுராத்திரியில் அவருக்குத்தான் போன் வந்திருக்கும். அப்படி இருந்தவரை இங்கே யாரும் எதற்கும் எதிர்பார்ப்பதில்லை. "இன்றைக்கு அவர் ஏன் வரவில்லை?" என்று கேட்கிற ஒரு ஆள் உங்கள் வீட்டுக்கு வெளியே அவருக்குக் கிடைக்க வேண்டும். அந்த ஆள் எங்கே கிடைப்பார் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் யூ த்ரீ ஏ (U3A), ஓய்வுபெற்றவர்கள் கூடிப் படிக்கிற அமைப்பு. மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்று பொருள். படிக்கும் பருவம், வேலையும் குடும்பமுமான பருவம், அதற்கு அடுத்து வருவது மூன்றாவது. பிரான்சில் துலூஸ் நகரில் 1973-இல் பியர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் தொடங்கியது இது. அங்கே பல்கலைக்கழகமே முதியவர்களுக்கு வகுப்பு நடத்தியது. 1980-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் பீட்டர் லாஸ்லெட் என்ற வரலாற்றாசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதை மாற்றினார்கள். பேராசிரியர் எதற்கு, உறுப்பினர்களில் ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுக்கட்டும் என்றார்கள். 1984-இல் மெல்பர்னுக்கு வந்தது இந்த இரண்டாவது வடிவம்தான். இன்று விக்டோரியா மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட யூ த்ரீ ஏக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி அமைப்பு, நடத்துபவர்களும் தொண்டர்களே. வருடச் சந்தா பெரும்பாலும் 100 டாலருக்குள் அடங்கிவிடும், அதற்குப் பிறகு பல வகுப்புகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை, என்ன படித்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

வகுப்புப் பட்டியலைப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். பிரெஞ்சு, மாண்டரின், தை சி, யூகுலேலே, பிரிட்ஜ் சீட்டாட்டம், உள்ளூர் வரலாறு, நாட்டு நடப்பு விவாதம், நடைக் குழு என்று போய்க்கொண்டே இருக்கும். உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஒன்று நாட்டு நடப்பு விவாதக் குழு. நாள் முழுக்கச் செய்தி பார்க்கிற மனிதர், அதைப் பற்றிப் பேச நாலு பேர் கிடைத்தால் எவ்வளவு நல்லது! முதல் சில வாரங்கள் அவர் பேசமாட்டார், பரவாயில்லை. மின்கட்டணம், சூரிய மின்சாரம், காற்றாலை என்று பேச்சு வராத மாதமே இங்கே கிடையாது. அப்போது யாராவது ஒருவர் அவர் பக்கம் திரும்பிக் கேட்பார். கயத்தாறு, ஆரல்வாய்மொழி காற்றாலைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அந்த அறையில் வேறு யாருக்குத் தெரியும்?

இரண்டாவது நடைக் குழு. ஆஸ்திரேலியர்கள் பேசும் வேகம் பிடிபடவில்லை என்பதுதான் அவருடைய கூச்சத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். வாழ்நாளெல்லாம் ஆங்கிலத்தில் பைல் எழுதியவருக்கு இலக்கண வகுப்பு தேவையில்லை, காது பழக வேண்டும். மேடையில் ஒருவர் பேசுவதைக் கேட்டால் காது அவ்வளவு சீக்கிரம் பழகாது. பக்கத்தில் நடந்துகொண்டே ஒருவர் பேசும்போது "என்ன சொன்னீர்கள்?" என்று நாலு தடவை கேட்கலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. நடை முடிந்ததும் காபிக்கு உட்காருவார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று அவர் கிளம்பிவிடாமல் அந்தக் காபிக்கும் இருக்கச் சொல்லுங்கள். பழக்கம் அங்கேதான் பிடிக்கும்.

அம்மாவை மாணவியாக மட்டும் சேர்க்காதீர்கள். அவர் ஆசிரியர். புள்ளிக் கோலத்தின் கணக்கு என்று ஆறு வாரக் குறுகிய வகுப்பு ஒன்று நடத்த முன்வந்தால் எந்த யூ த்ரீ ஏவும் சந்தோஷமாக இடம் கொடுக்கும் என்று நம்புகிறேன். சமச்சீர், எதிரொளிப்பு, விட்டுப்போகாமல் ஒரே கோட்டில் வரைவது என்று அதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது ஒரு கணக்கு டீச்சருக்குத்தான் தெரியும். நான் இந்திய வரலாறு பற்றி ஒரு குழு நடத்துகிறேன். இளமையில் லண்டனிலிருந்து பஸ்ஸிலேயே இந்தியா வந்தவர்களெல்லாம் அதில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளுக்காகவே ஒவ்வொரு வாரமும் நான் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. இந்த வயதில் அது எனக்குக் கிடைத்த பாக்கியம்.

ஆங்கிலம் பேசப் பழக வேறு இடங்களும் உண்டு. ஆங்கிலம் போதிய அளவு வராத நிரந்தர விசாக்காரர்களுக்கு அரசாங்கமே இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறது, 1948-இலிருந்து நடக்கும் திட்டம் அது. பல நூலகங்களில் வாரம் ஒருமுறை உரையாடல் வட்டம் இருக்கும். நெய்பர்ஹுட் ஹவுஸ் என்று விக்டோரியாவில் சுமார் 400 இடங்கள் இருக்கின்றன, குறைந்த கட்டணத்தில் கம்ப்யூட்டர், தையல், தோட்டம் என்று சொல்லித்தருவார்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே ஒன்று இருக்கக்கூடும்.

சரி, தொண்டு வேலைக்கு வருவோம். வகுப்பை விட இதைத்தான் நான் முக்கியம் என்பேன். வகுப்புக்கு ஒருநாள் போகாவிட்டால் நமக்குத்தான் நஷ்டம். தொண்டுக்குப் போகாவிட்டால் அங்கே ஒரு வேலை நின்றுபோகும், போன் வரும்.

அப்பாவுக்கு மென்ஸ் ஷெட் பற்றிச் சொல்லுங்கள். ஓய்வுபெற்ற ஆண்கள் கூடி மரவேலை, ரிப்பேர் வேலை செய்கிற பட்டறைகள் இவை. தெற்கு ஆஸ்திரேலியாவில் கூல்வா என்ற ஊரில் 1993-இல் முதல் பட்டறை தொடங்கியது, இன்று நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போதுதான் பேசுவார்கள் என்பது அவர்கள் கொள்கை. நம் ஆட்களுக்கும் அது அப்படியே பொருந்தும். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இங்கே லைசென்ஸ் இல்லாமல் வயரிங் வேலையில் கை வைக்க முடியாது. எத்தனை வருடம் மின்வாரியத்தில் இருந்திருந்தாலும் இதுதான் சட்டம். போன இடத்தில் முதல்முறையாக இதைக் கேட்டால் அவர் மனம் புண்படும்.

ஆனால் அவருடைய அனுபவத்துக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. ஆப் ஷாப் என்று தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் பழைய சாமான் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். நன்கொடையாக வரும் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மேஜை விளக்கு இவற்றைச் சோதித்து, சீட்டு ஒட்டிய பிறகுதான் விற்பனைக்கு வைப்பார்கள். டெஸ்ட் அண்ட் டேக் என்று பெயர். விக்டோரியாவில் இதற்கு எலெக்ட்ரீஷியன் லைசென்ஸ் அவசியமில்லை, திறமையும் ஒரு குறுகிய காலப் பயிற்சியும் போதும். இன்சுலேஷன், எர்த் தொடர்ச்சி எல்லாம் பார்க்கிற வேலை. எர்த் சரியாக இல்லாத ஒரு இஸ்திரிப் பெட்டி என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கத்து ஆப் ஷாப்புக்குள் போய், இந்த வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த கடை. உடைந்த பொருளைக் கொண்டுவந்தால் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்யும் ரிப்பேர் கபே என்பதும் பல பகுதிகளில் நடக்கிறது. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த யோசனை அது.

அம்மாவுக்கு நான் சொல்லப்போவது கொஞ்சம் கனமான வேலை. முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் தனியாக இருக்கும் பெரியவர்களைத் தொண்டர்கள் தொடர்ந்து போய்ப் பார்க்கும் திட்டம் ஒன்றை மத்திய அரசு நிதி கொடுத்து நடத்துகிறது. 1992-இல் தொடங்கியது. ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் ஒரு மணிநேரம் பேசிவிட்டு வருவது. டாண்டினாங் பக்கமும் மற்றப் பகுதிகளிலும் எண்பதுகளில் இலங்கையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் இப்போது முதியோர் இல்லம் போகிற வயதில் இருக்கிறார்கள். மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் போய்விடுவது உண்டு. நாற்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர் கடைசியில் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்பார், பக்கத்தில் இருக்கும் நர்ஸுக்குப் புரியாது. அந்த அறைக்குள் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் நுழைந்தால் அந்த முகம் எப்படி மாறும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா முப்பது வருடம் பிள்ளைகளோடு பொறுமையாக இருந்தவர், இதற்கு அந்தப் பொறுமைதான் வேண்டும். மனத்துக்குப் பாரமாக இருந்தால் வேண்டாம் என்று விடவும் அவருக்கு உரிமை உண்டு.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளிலும் கை தேவைப்படுகிறது. விக்டோரியாவில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கே தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம், அந்த அளவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவர ஆசிரியர்கள் வேண்டும். சமைக்க முடியாத பெரியவர்களின் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் மீல்ஸ் ஆன் வீல்ஸில் கார் ஓட்டத் தெரியாதவரும் சேரலாம், ஓட்டுபவரோடு போய் வாசலில் சாப்பாட்டைக் கொடுக்க இன்னொருவர் எப்போதும் வேண்டும். மண்ணில் கை வைக்கப் பிடித்தவர்களுக்கு, மரம் நட்டு நிலத்தைப் பாதுகாக்கும் லேண்ட்கேர் குழுக்கள் உண்டு. அந்த இயக்கமே 1986-இல் இந்த மாநிலத்தில் செயின்ட் ஆர்னாடு பக்கத்து விவசாயிகளிடம் தொடங்கியதுதான்.

காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் தொண்டு செய்ய வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக் என்ற பின்னணிச் சோதனை வேண்டும். தொண்டர்களுக்கு அது இலவசம், ஐந்து வருடம் செல்லும். முதியோர் சேவைக்குப் போலீஸ் சான்று வேண்டும், வெளிநாட்டில் வாழ்ந்தவர்களிடம் கூடுதலாக உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும் கேட்பார்கள். நம்மேல் சந்தேகப்படுகிறார்கள் என்று அப்பா நினைக்க வேண்டாம், இங்கேயே பிறந்தவர்களும் சான்று கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். தொண்டருக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா, எத்தனை வயதுவரை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தெரிந்தவர் கடையிலோ உணவகத்திலோ "அங்கிள், சும்மாதானே இருக்கீங்க, வந்து கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்பார்கள். லாபத்துக்கு நடக்கும் இடத்தில் சம்பளமில்லாமல் செய்வது தொண்டு ஆகாது. பாத்திரம் கழுவுவதும் மூட்டை தூக்குவதும் கூலி கொடுக்க வேண்டிய வேலைகள். மரியாதையாக மறுத்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்களுக்கும் மருமகளுக்கும் ஒரு வேண்டுகோள். பேரனைப் பார்த்துக்கொள்வது அம்மாவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் வாரத்தில் ஐந்து நாளும் அவர்தான் என்றால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. இரண்டு நாளாவது குழந்தையைச் சைல்ட்கேரில் விடுங்கள். அந்த இரண்டு நாளும் அவர்களுடையது, அதில் கோயிலுக்குக் கூட்டிப்போவதையும் கடைக்குப் போவதையும் திணிக்காதீர்கள். 60 வயது தாண்டிய நிரந்தர வாசிகளுக்கு சீனியர்ஸ் கார்டு கிடைக்கும், அதை வைத்து சீனியர்ஸ் மைக்கி என்ற பயண அட்டை வாங்கினால் ரயில், டிராம், பஸ் கட்டணம் குறையும், வார இறுதியில் இலவசம். முதல் சில தடவை நீங்கள் அப்பாவோடு ரயிலில் போங்கள். உங்கள் காரில் கொண்டுபோய் இறக்கிவிட ஆரம்பித்தால் கடைசிவரை உங்கள் ஆபீஸ் நேரத்துக்குள்தான் அவர் நடமாட முடியும். ஜூன், ஜூலையில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் காலை வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.

ஊருக்குப் போகிறேன் என்று அப்பா சொல்வதை மறுத்துப் பேசாதீர்கள். யூ த்ரீ ஏ வகுப்புகள் பள்ளிக்கூட டெர்ம் போலவே பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரங்களோடு முடிந்துவிடும். மார்கழிக்கும் பொங்கலுக்கும் திருச்சியில் இருந்துவிட்டு, இங்கே வகுப்பு தொடங்குகிற நேரத்துக்குத் திரும்பி வரலாம். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் இருக்க முடியும் என்று தெரிந்தாலே அவர் முகம் மாறலாம். அடுத்த வருடச் சேர்க்கையை நவம்பர், டிசம்பரிலேயே பல இடங்களில் திறந்துவிடுகிறார்கள், நடைக் குழுவும் விவாதக் குழுவும் சீக்கிரம் நிரம்பும். விமானம் ஏறுவதற்கு முன்பே படிவத்தை அவர் கையாலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.