பிக்கப் வாங்கும் முன் எர்த் குழியைப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் திசையன்விளை. ஸ்ட்ராட் மாடல் சீனத்து கிட்டார் வைத்திருக்கிறேன், மூன்றும் சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தம்-கம்பிச்சுருள், ஒவ்வொன்றிலும் ஒரே சுருள்). சர்ச்சில் டிஸ்டார்ஷன் (சத்தத்தை முரட்டுக் கரகரப்பாக்கும் பெடல்) போட்டால் பாட்டைவிட இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது. பிரிட்ஜ் (தந்திகள் உடலில் வந்து முடியும் இடம்) பக்கம் 16 கிலோ ஓம் ஹம்பக்கர், அதாவது இரட்டைக் காயில் பிக்கப், போட்டால் பவரும் ஏறும், இரைச்சலும் போய்விடும் என்று கடையில் சொல்கிறார்கள். பிக்கப் 9,500 ரூபாய், மரம் குடைந்து மாட்ட 2,500. வாங்கலாமா? சில நாள் மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்கிறது. அதுவும் பிக்கப்பால்தானா?

பதில்: கடைசியில் சும்மா சேர்த்தது மாதிரி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே தம்பி, முதலில் அதற்குத்தான் பதில். அந்தச் சுருக்குக்கும் பிக்கப்புக்கும் சம்பந்தமே இல்லை. கிட்டாரின் ஸ்டீல் தந்திகள் பிரிட்ஜ், ஜாக், கேபிள் வழியாக ஆம்ப்பின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கின்றன. அந்தச் சட்டம் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் ஆம்ப்பில் சின்னக் கசிவு வந்தாலும் அது தந்தி வரை வந்து நிற்கும். ஒரு கை தந்தியில், உதடு மைக்கில் என்றால் நடுவில் வயராக இருப்பது நீங்கள்தான். 1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டாரிஸ்ட், சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரை விட்டார். ஆகவே எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்த மேடையில் வாசிக்க வேண்டாம். ஒரு ஞாயிறு வாசிக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் பக்கம் தேரி மண். காய்ந்த மணலில் எர்த் சரியாக இறங்காது. கரியும் உப்பும் போட்டுக் குழி நிரப்பி, கோடையில் அதற்குத் தண்ணீரும் ஊற்ற வேண்டும். யார் ஊற்றுகிறார்கள்? நான் சோலிக்குப் போன ஒரு ஆலயத்தில் தரைக்குக் கிரானைட் போட்டிருந்தார்கள், பீடத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள். எர்த் குழி எங்கே என்று கேட்டால் கமிட்டியில் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். தோண்டாத குழிக்குத் தாளில் கையெழுத்து மட்டும் இருந்தது. மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டு, “இப்போ இரைச்சல் குறைஞ்சிட்டு பாத்தியளா” என்று பெருமை பேசும் சவுண்ட் சர்வீஸ்காரர்களும் இருக்கிறார்கள். குறையும், உண்மைதான். உயிருக்கு இருந்த காவலையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள். மேடைக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சட்டென்று லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போடச் சொல்லுங்கள். கமிட்டி காசில்லை என்றால் அந்த 9,500-ஐ அதற்குக் கொடுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

சரி, இரைச்சலுக்கு வருவோம். கடைக்குப் போகும் முன் வீட்டில் மூன்று காரியம் செய்து பாருங்கள். துட்டு செலவில்லை.

முதலில் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்போதும் இரைந்தால் குற்றம் கேபிளிலோ ஆம்ப்பிலோ லைனிலோ இருக்கிறது. எந்தப் பிக்கப் போட்டாலும் போகாது. அடுத்து வால்யூமை ஏற்றி, தந்தியைத் தொடாமல் கிட்டாரோடு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் கூடி இன்னொரு திசையில் குறைந்தால், அது காயில் காற்றிலிருந்து பிடிக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட் சோக், கிறிஸ்துமஸ் சீரியல் செட், உங்கள் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அதற்குக் காரணம். ஹம்பக்கர் தீர்ப்பது இதை மட்டும்தான். மூன்றாவதாக, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இரைந்து, தந்தியைத் தொட்டதும் அடங்கினால் உள்ளே கவசம் போதவில்லை. கிட்டாரில் பிக்கப் உட்காரும் குழிக்குள்ளும், அதை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தட்டான பிக்கார்டின் அடியிலும் செம்புத் தகடு டேப் ஒட்டி அதை கிரவுண்டோடு சேர்த்தால் பெருமளவு தீரும். தொட்டதும் அடங்குவதைக் காட்டி “எர்த் போச்சு” என்று காசு பிடுங்குவார்கள், நம்பாதீர்கள். தொட்டதும் இரைச்சல் கூடினால்தான் ஜாக்கில் வயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து வழி சுவிட்சை, இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாவது, நான்காவது இடங்களில் வைத்துப் பாருங்கள். அங்கே இரைச்சல் அடங்கினால் உங்கள் நடுப் பிக்கப் எதிர்ச்சுற்றாகச் சுற்றப்பட்டது. அதாவது உங்கள் கிட்டாரிலேயே ஒரு ஹம்பக்கர் இலவசமாக இருக்கிறது.

ஹம்பக்கர் என்பது மந்திரம் ஒன்றுமில்லை. கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955-இல் செய்து முடித்த யோசனை. இரண்டு காயில், ஒன்றுக்கொன்று எதிர்ச்சுற்று, காந்தமும் எதிர்ப்பக்கம். தந்தியின் சத்தம் இரண்டிலும் சேர்ந்து வருகிறது, கரண்ட் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 16 கிலோ ஓம். இந்த ஓம் கணக்கைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓம் என்பது பவர் இல்லை, கம்பியின் மின்தடை. பிக்கப் காயிலில் பெரும்பாலும் 42 கேஜ் எனாமல் செம்புக் கம்பி சுற்றுவார்கள். கனம் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவுதான். ஸ்ட்ராட் பிக்கப்பில் அதை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுச் சுற்றினால் 6 கிலோ ஓம் வாக்கில் வரும். அதைவிட மெல்லிய கம்பியைச் சுற்றினால், சுற்று கூடாமலேயே ஓம் மட்டும் கூடும். காந்தம் என்ன, சுற்று எத்தனை என்று சொல்லாமல் ஓம் மட்டும் சொல்வது, மோட்டார் எத்தனை குதிரைசக்தி என்று கேட்டால் வயர் நீளத்தைச் சொல்வது மாதிரி. செம்புக்குச் சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், அக்கினி நட்சத்திரத்து மத்தியானம் 40 டிகிரியில் 8.6 காட்டும். ஓம்தான் பவர் என்றால் சித்திரை மாதம் பாளையங்கோட்டையில் எல்லாக் கிட்டாரும் கூடுதலாக முழங்க வேண்டுமே!

உங்களுக்குப் பெரிய அவுட்புட் தேவையும் இல்லை. டிஸ்டார்ஷன் பெடல் அந்த வேலையைச் செய்கிறது. பிரிட்ஜில் மட்டும் முரட்டுப் பிக்கப் போட்டால், மற்ற இரண்டுக்கும் மாறும்போது சத்தம் சடாரென்று இறங்கும்.

மரம் குடைய 2,500 என்கிறார்கள். தந்தியைத் தளர்த்திவிட்டு பிக்கார்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள், பொதுவாக 11 இருக்கும். மெல்லத் தூக்கிப் பாருங்கள். பல மலிவுக் கிட்டார்களில் உள்ளே தொட்டி மாதிரி ஒரே பெரிய குழிதான், ஹம்பக்கர் உட்கார இடம் ஏற்கெனவே இருக்கும். இருக்கும் குழிக்குக் குடைகூலி வாங்கிய கதை எனக்குத் தெரிந்தே நாலைந்து. குழி சின்னதாக இருந்தாலும் குடைய வேண்டாம். சிங்கிள் காயில் அளவிலேயே இரண்டு இரும்புப் பட்டை வைத்த ‘ரெயில்’ ஹம்பக்கர் கிடைக்கிறது. பழையதைக் கழற்றிய இடத்தில் அப்படியே உட்காரும். பட்டையாக இருப்பதால் தந்தி இடைவெளி 50 மில்லிமீட்டரா 52-ஆ என்ற தலைவலியும் இல்லை. இப்போதுள்ள 250 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலே போதும், சத்தம் கொஞ்சம் மென்மையாக வரும். டிஸ்டார்ஷனுக்கு அது நல்லதுதான்.

வாங்குவது எங்கே? “சென்னையிலிருந்து நான் எடுத்துத் தருகிறேன்” என்று கிட்டார் மாஸ்டர் சொன்னால், பில் யார் பெயரில் என்று கேளுங்கள். பதில் வராது, கமிஷன்தான் வரும். ஸ்டிக்கர் ஒட்டிய போலிகள் ஏராளம். ‘அல்நிகோ’ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்) என்று சொல்லி விற்றால் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். அல்நிகோ உலோகம், கரண்ட் கடத்தும். கறுப்பு செராமிக் கடத்தாது. செராமிக் மட்டம் என்று சொல்லவில்லை, நல்ல ரெயில் பிக்கப் பலவற்றில் அதுதான் இருக்கிறது. பொய் சொல்லி விற்றதுதான் தப்பு. வெளிநாட்டிலிருந்து நேரே தருவிக்கலாம் என்றால் அதற்கும் துணிவு வேண்டும். எனக்கு வந்த ஒரு சின்னப் பார்சல் எங்கோ ஒரு அலுவலகத்தில் மூன்று வாரம் கிடந்தது. வரி எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று இன்றுவரை ஒரு தாள் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் மூன்றில் ஒன்றைத்தான் மாற்றுகிறீர்கள். புதியதும் நடுப் பிக்கப்பும் எதிரெதிர் ஃபேஸில் (ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி) அமைந்தால், சுவிட்சின் இரண்டாவது இடத்தில் சத்தம் தகர டப்பா மாதிரி மெலிந்துவிடும். பிக்கப் கெட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள், இரண்டு வயரை மாற்றிப் பற்றவைத்தால் போதும். ஆனால் அப்படி மாற்ற வேண்டுமானால் பிக்கப்பில் நான்கு வயரும் தனியாக ஒரு வெற்றுக் கம்பியும் இருக்க வேண்டும். வெளியே பின்னல் கம்பி சுற்றி உள்ளே ஒரே ஒரு வயர் என்றால் மாற்ற முடியாது, மாற்றினால் அந்தப் பின்னலே இரைச்சலை வாங்கும் ஆண்டெனா ஆகிவிடும். ஆகவே நான்கு வயர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மாட்டும் முன்பே சோதிக்கவும் வழி உண்டு. பழைய ரேடியோ மெக்கானிக் யாரிடமாவது முள் மீட்டர் இருக்கும். அதைப் பிக்கப்பின் இரண்டு முனையிலும் இணைத்து, ஸ்க்ரூடிரைவரைப் பிக்கப் மேல் வைத்துச் சட்டென்று எடுங்கள், முள் ஒரு பக்கம் துள்ளும். நடுப் பிக்கப்பிலும் அதே பக்கம் துள்ளினால் சரி. எப்போதும் சுவிட்சை முதல் இடத்தில், பிரிட்ஜ் பிக்கப் மட்டும் ஒலிக்க வைத்துத்தான் வாசிப்பேன் என்றால் இது எதுவுமே உங்களுக்கு வேண்டாம்.

மாட்டியபின் கடைசி கட்டையில் (ஃப்ரெட்டில்) தந்தியை அமுக்கிப் பிடித்து, பிக்கப்புக்கும் தந்திக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். பற்றவைக்கும் முன் பழைய வயர்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிக்கப்பைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த மாதம் வேறொரு தம்பிக்கு அதுவே ‘இம்போர்ட்டட்’ ஆகிவிடும்.