ஏரி, கண்மாய்களைத் தூர்வாரினால் கிராமத்துத் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

தீராது. தூர்வாருவது தேவையில்லாத வேலை என்று சொல்லவில்லை, ஆனால் வரிசையில் அது நான்காவதோ ஐந்தாவதோ வர வேண்டிய வேலை, நாம் அதை முதலில் செய்துவிட்டு அதோடு நிறுத்தியும் விடுகிறோம். எங்கள் குடும்பத்து நஞ்சை சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்குக் கீழேதான் இருக்கிறது, அதனால் இது எனக்குச் சோற்று விஷயம்.

முதலில் கண்மாய்க்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 39,000க்கும் அதிகமான ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன, அதில் பெரும்பாலானவை தனித்தனிக் குளங்கள் இல்லை. மேல் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலுங்கில் மறுகால் பாய்ந்து, அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த கண்மாய்க்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போகும். எங்கள் பக்கம் நல்ல மழை என்பதே ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள் கொட்டுவதுதான், அந்தச் சில நாட்களில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் திறந்து கிடக்க வேண்டும், அடைத்துக்கொண்டிருந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். கால்வாயில் பாதியை ஒருவர் வயலோடு சேர்த்து உழுதிருப்பார், ஒரு இடத்தில் ரோடு போட்டபோது பாலத்துக்குப் பதிலாகச் சின்னக் குழாயைப் புதைத்திருப்பார்கள், மீதியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுக் கண்மாய்க்குள் ஜேசிபியை இறக்கி எவ்வளவு தோண்டினாலும் என்ன பிரயோஜனம், தண்ணீர் வர வழி வேண்டாமா? இன்னொன்று, மேல் ஊர்க்காரர்கள் தங்கள் கலுங்கை அரை அடி உயர்த்திக் கட்டிக்கொண்டால் கீழ் ஊர் கண்மாய் காய்ந்துவிடும். ஒரு கண்மாயை மட்டும் தனியாக எடுத்துச் சீர்செய்வது பல இடங்களில் பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, தோண்டுவதற்கு வருவோம். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை: கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற மடை எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்குக் கீழே நிற்கிற தண்ணீர் வயலுக்குப் பாயாது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே பத்து அடி பள்ளம் போட்டால் அந்தப் பத்து அடித் தண்ணீர் ஆடு மாடு குடிக்கவும், மீன் வளர்க்கவும், கிணறு ஊறவும் உதவும், நெல்லுக்கு உதவாது. மழை குறைந்த வருஷத்தில் இன்னும் மோசம், வருகிற கொஞ்சத் தண்ணீரும் முதலில் அந்தப் பள்ளங்களை நிரப்பிக்கொள்ளும், மடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனமாகும். பள்ளம் தெரியாமல் இறங்கி மூழ்கிப்போன பிள்ளைகளைப் பற்றி வருஷம் தவறாமல் செய்தி வருகிறது, அதைப் படிக்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது.

எதற்காக அவ்வளவு ஆழம் தோண்டுகிறார்கள் என்றால், மேலே படிந்திருக்கிற வண்டல், நாங்கள் கரம்பை என்போம், அது வயலுக்குத்தான் உதவும். அதற்குக் கீழே இருக்கிற சவுடும் கிராவலும்தான் ரோட்டுக்கும் மனைக்கும் போகும், காசு அதில்தான். எங்கள் பகுதியில் ஒரு ஒப்பந்தக்காரர் தூர்வாரும் பணி என்று போர்டு வைத்துவிட்டு நடுக்கண்மாயில் அப்படித்தான் அள்ளினார், வரத்துக்கால் பக்கம் ஒரு மண்வெட்டிகூட விழவில்லை. முன்பெல்லாம் கோடையில் விவசாயிகளே மாட்டுவண்டி கட்டிக் கரம்பை அடித்து வயலில் போடுவார்கள், வயலுக்கு உரமாச்சு, கண்மாயும் தூர்ந்துபோகாமல் இருந்தது. மூட்டை உரம் வந்ததும் அது நின்றுபோனது. 2024இல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாசில்தார் அனுமதியோடு வண்டலையும் களிமண்ணையும் இலவசமாக எடுக்கலாம் என்று அரசு எளிமையாக்கியது, நல்ல முடிவு, கண்மாயைத் தூர்வார இதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஆள்தான். முன்பு ஊரில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார், எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு, புயல் மழையில் ராத்திரி முழுக்கக் கரையில் நடந்து எங்கே கசிகிறது என்று பார்ப்பதும் அவர்தான், அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். கால்வாய் வெட்டக் குடும்பத்துக்கு ஒரு ஆள் வர வேண்டும், அதுதான் குடிமராமத்து. அப்புறம் பம்புசெட் வந்தது, 1990 வாக்கில் விவசாயத்துக்கு எல்லாருக்கும் இலவச மின்சாரமும் வந்தது. கிணறு வைத்திருப்பவருக்குக் கண்மாய் தேவையில்லை என்று ஆனது, அவர்தான் ஊரில் வசதியானவர், அவர் கூட்டத்துக்கு வராவிட்டால் மற்றவர்களும் வர மாட்டார்கள். அவர் கிணற்றில் ஊறுவதே கண்மாய்த் தண்ணீர்தான் என்பது, கண்மாய் இரண்டு வருஷம் தொடர்ந்து காய்ந்து கிணறும் கீழே போகும்போதுதான் தெரியும். 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு நிதி ஒதுக்கி ஒரு திட்டம் கொண்டுவந்தது, விவசாயிகள் பங்கு பத்து சதவீதம் என்றார்கள். விவசாயிகள் நிஜமாகச் சேர்ந்து இறங்கிய இடங்களில் பலன் இருந்தது, விவசாயிகள் சங்கத்தின் பெயரில் வேறு யாரோ வேலையை எடுத்த இடங்களில் மண் போனதுதான் மிச்சம்.

மக்கள் தங்களுக்குப் பலன் தருவதைக் காப்பாற்றுவார்கள். வேடந்தாங்கலைப் பாருங்கள், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர் விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது, சரணாலயம் என்ற பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் பறவைகளைச் சுட விடவில்லை. அதனால்தான் மீன்பாசிக் குத்தகைப் பணமும் மரம் ஏலம் போன பணமும் அந்தக் கண்மாய்க்கே திரும்ப வர வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மடை ஷட்டர் பழுது, நீர்க்கட்டி சம்பளம், கால்வாய் வெட்டு, இதற்கெல்லாம் பல ஊர்களில் அதுவே போதும்.

சீமைக்கருவேலம் பற்றியும் கேட்பீர்கள். கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால், இந்த இடங்களில் இருப்பதை முதலில் வேரோடு எடுக்க வேண்டும், வெட்டி விட்டால் மறுபடி தழைக்கும். மற்றபடி ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய, அவர்களுக்கு வேறு வழி காட்டாமல் ஒரே நாளில் அழி என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உங்கள் ஊரில் ஏதாவது செய்ய நினைத்தால், கண்மாய்க்குள் இறங்குவதற்கு முன் வரத்துக்காலை ஆரம்பத்திலிருந்து கண்மாய் வரை நடந்து பாருங்கள், கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனமாகிற நிலம், நூறு ஏக்கருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம், மனுவைச் சரியான இடத்தில் கொடுக்காவிட்டால் மாறி மாறி அலைய விடுவார்கள். மார்ச் 22 கிராம சபையிலேயே வரத்துக்காலின் பெயர், புல எண், ஆக்கிரமிப்பு இருக்கிற இடம் எல்லாம் எழுதித் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள், அப்போதுதான் அளந்து கல் நட்டு வெட்டி முடிக்கக் கோடை முழுக்கக் கிடைக்கும். அக்டோபர் 2 கிராம சபையில் போய்ச் சொன்னால் மழை வந்துவிடும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள்.