நாசி லெமாக் சோறும் கிராம்பு எண்ணெயும்

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட்டில் காலைக் கடை நடத்தும் நீங்கள், நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றை இரவே சமைத்து மூடி வைப்பதாகவும், அதை வாங்கிய இருவர் வாந்தி எடுத்ததாகவும், கிராம்பு எண்ணெய் சேர்த்தால் கிருமி அடங்குமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

கிராம்பின் யூஜெனாலும் கற்பூரவள்ளியின் கார்வக்ராலும் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைத்து அதை வலுவிழக்கச் செய்வது உண்மைதான். ஆனால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு இச்சேர்மங்களைத் தன்னுள் இழுத்துக்கொள்வதால், ஆய்வுக்கூடத்தில் சிறிதளவிலேயே பலன் தருவது சோற்றில் வாயில் வைக்க முடியாத அளவுக்குத் தேவைப்படும்.

உங்கள் சிக்கலுக்கு பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன். அதன் வித்துகள் (கடினமான உறைக்குள் உறங்கும் நிலையில் உள்ளவை) கொதியிலும் சாவதில்லை. மூடியின் உட்புறம் நீர் வியர்த்து, பெரிய பானையின் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி, செரியுலைடு என்னும் நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சு 121 டிகிரி வெப்பத்தையும் தாங்கக்கூடியது என்பதால், காலையில் மறுபடி சூடாக்குவது உதவாது. எந்த எண்ணெயும் அதை அகற்றாது.

ஆகவே, தயவுசெய்து விடியற்காலையில் சமைத்து, விற்று முடியும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருங்கள். இரவில்தான் சமைக்க முடியுமென்றால், அகலத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். வாந்தி எடுத்தவர்களுக்கு இன்னும் நிற்கவில்லையெனில், உடனே கிளினிக்குக்கு அனுப்புங்கள்.