போராட்டத்துக்குப் போற காலேஜ் பசங்களுக்கு மனசு பாதிக்குமா? தங்கச்சிய நினைச்சா பயமா இருக்கு

நீங்க அண்ணனா அக்காவான்னு தெரியல, ஆனா கேள்விய பாத்தா வீட்ல சண்ட போட்டு தங்கச்சி கதவ சாத்திக்கிட்டு படுத்தப்புறம் டைப் பண்ண மாதிரி இருக்கு. எங்க வீட்லயும் இதே கததான்.

நான் வடசென்னை எண்ணூர் பக்கத்துல எர்ணாவூர். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட சேந்து ரிஃபைனரி எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்துல படகு, வலை எல்லாம் கருப்பாச்சு, அந்தக் கறை போறதுக்குள்ள 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல உரக் கம்பெனியோட கடலுக்குள்ள போற பைப்புல அம்மோனியா லீக். சித்தி வீடு அங்கதான். ஒரே ஆட்டோல ஏழு பேர் வந்து எறங்கினாங்க, எல்லார் மூஞ்சிலயும் ஈரத்துண்டு, சித்தி பையனுக்கு கண்ணே தொறக்க முடியல. அப்புறம் அந்தக் கம்பெனிக்கு எதிரா ஊர் ஜனம் பந்தல் போட்டு உக்காந்துச்சு, மாசக்கணக்குல நடந்துச்சு, நானும் போனேன். அப்ப பிஎஸ்சி ரெண்டாவது வருஷம்.

பந்தல்ல இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தேங்க. யாருக்கு இருமல், யாருக்கு கண் எரிச்சல்னு நோட்டுல எழுதறது என் வேலை. மீன் விக்கிற ஆயாங்க "இன்னா கண்ணு, துன்னியா"ன்னு கேட்டுட்டுத்தான் அவங்க பேரையே சொல்லுவாங்க. கிளாஸ்ல வாயே தொறக்காதவ அங்க மைக் புடிச்சுப் பேசினேன்.

வீட்டுக்கு வந்தாதான் பிரச்சனை. பக்கத்து வீட்ல ஆசிட் ஊத்தி பாத்ரூம் கழுவினாலே ஓடிப்போய் ஜன்னல சாத்துவேன். தலகாணி பக்கத்துல சொம்புத் தண்ணியும் துண்டும் வச்சிக்கினுதான் படுத்தேன், நாலு மாசம். ராத்திரி ரெண்டு மணிக்கும் ஊர் வாட்ஸ்அப் குரூப்ல யாராச்சும் "ஸ்மெல் வருதா"ன்னு கேட்டிருக்காங்களான்னு பாக்கறது. பரீட்சைக்குப் படிக்கணும்னு ஒரு நாள் போகலன்னா ஏதோ துரோகம் பண்ண மாதிரி இருக்கும், போனா அம்மா மூஞ்சியப் பாக்க முடியாது. கூட்டம் கொறைய ஆரம்பிச்சப்பதான் ரொம்ப மோசம், டிவிகாரங்க போயாச்சு, காலி சேர எண்ணிக்கினே உக்காந்திருப்பேன்.

இது போராட்டத்தால வந்ததுன்னு சொல்ல வராதீங்க. நான் டாக்டர் இல்ல, என் கதயத்தான் சொல்றேன், ஆனா போராட்டத்துக்கே போகாத என் ஃப்ரெண்டும் அதே மாதிரி தூங்காமதான் இருந்தா, அவளுக்கு துன்னியான்னு கேக்க ஆயாவும் இல்ல.

இதுல காலேஜ் பண்ணது தனி. அட்டெண்டன்ஸ் 75க்கு கீழ போச்சு, பரீட்சை எழுத விடறதுக்கு கண்டோனேஷன் ஃபீஸ்னு ஒரு அபராதம் கட்டுன்னாங்க, சரி, தப்பு என்னுது. ஆனா கல்ச்சுரல்ஸுக்கு டான்ஸ் பிராக்டிஸ் பண்ணவங்களுக்கு மூணு வாரம் ஓ.டி. (ஆன் டூட்டி, கிளாஸுக்கு வராமலே வந்த கணக்கு) போட்டாங்களே, அது எந்தக் கணக்கு? கட்டின காசுக்கு ரசீதுகூட குடுக்கல. இன்னும் வயிறு எரியுது.

தங்கச்சிகிட்ட போகாதன்னு சொல்லாதீங்க, அங்க உனக்கு என்ன வேலைன்னு கேளுங்க. வேலை இருந்தா கொஞ்சம் தாங்கும், சும்மா உக்காந்து ஃபோன்ல வீடியோ பாத்துக்கினு இருந்தாதான் ஆள சாப்ட்ரும். தூக்கம் போச்சுன்னா விடாதீங்க, 14416னு டெலி மானஸ், கவர்மெண்ட்டோட மனநல ஹெல்ப்லைன் நம்பர் இருக்கு, ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். என்னைய சித்திதான் புடிச்சு இழுத்துக்கினு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மனநல ஓபிக்குப் போனாங்க, நாலு தடவ போனேன், இதுல என்ன வெக்கம்.

கீழ வந்து "காசு வாங்கிக்கினுதானே உக்காந்தீங்க"ன்னு கமெண்ட் போடப் போறவங்களுக்கு: ஆமா, தினம் சாயங்காலம் ஒரு சுக்கு காபி குடுத்தாங்க. அதுலயும் சக்கர கம்மி.