ரேடியோ அலையைக் கொண்டு வியாழனின் உள்ளே பார்ப்பது எப்படி?

கேள்வி: ஜூனோ விண்கலம் வியாழனின் ஈர்ப்பை அளந்ததால், அங்கு வீசும் காற்று 3,000 கிலோமீட்டர் ஆழம்வரை செல்வது தெரிந்ததாகப் படித்தேன். மேகங்களுக்கு மேலே பறக்கும் கலம் எந்தக் கருவியால் ஈர்ப்பை அளக்கிறது?

பதில்: ஈர்ப்பை அளப்பதற்கென்று தனித் தராசு எதுவும் ஜூனோவில் இல்லை, கலமேதான் தராசு. 2016 ஜூலை முதல் வியாழனைத் துருவங்களின் வழியாகச் சுற்றிவரும் அது, ஒவ்வொரு சுற்றிலும் மேகங்களை நெருங்கி, விநாடிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. கீழே நிறை எப்படிப் பரவியிருக்கிறதோ அதற்கேற்ப அந்த வேகம் இம்மியளவு கூடும் அல்லது குறையும்.

அந்த இம்மியைக் காட்டிக்கொடுப்பது ரேடியோ அலை. கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலுள்ள 34 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா, அணுக்கடிகாரத்தின் துணையால் அலைவெண் பிறழாத அலையொன்றை அனுப்ப, கலம் அதைப் பெற்று, அலைவெண்ணைக் குறித்த விகிதத்தில் மாற்றித் திருப்பி அனுப்புகிறது. (இதற்கான கருவியைத் தந்தது இத்தாலி.) அலை போய்வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வந்த அலையின் அலைவெண் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்து, அலையை அனுப்பும் பொருள் நெருங்கினாலோ விலகினாலோ அலைவெண் மாறும் என்ற டாப்ளர் விளைவின்படி, கலத்தின் வேகத்தை விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குவரை துல்லியமாகக் கணிக்க முடிகிறது. நத்தைகூட இதற்கு முன் ஓட்டக்காரன்தான். பூமியின் சுழற்சி, நம் காற்று மண்டலத்தின் ஈரம் முதலியவற்றின் விளைவுகளைக் கழித்த பிறகு எஞ்சுவதே வியாழனின் கைவரிசை.

இனி காற்றுக்கு வருவோம். பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழல்வதால் வியாழன் நடுவில் பிதுங்கியிருக்கிறது. முழுக் கோளமும் ஒரே சீராகச் சுழன்றால், வாயுவும் திரவமுமாலான பாய்மக் கோளான அதன் வட பாதியும் தென் பாதியும் ஈர்ப்பில் அச்சாக ஒத்திருக்க வேண்டும். ஆனால் மேகப்பட்டைகளில் வீசும் காற்று வடக்கிலும் தெற்கிலும் ஒன்றுபோல் இல்லை. அது மேல்தோலோடு நின்றுவிட்டால் ஈர்ப்பில் தடயம் பதியாது, ஆழமாக இறங்கினால் பதியும். ரோம் நகரின் விஞ்ஞானி லூச்சானோ இயெஸ் தலைமையிலான குழு அந்த வடதென் வேறுபாட்டைக் கண்டறிந்து 2018இல் வெளியிட்டது. அதிலிருந்து கணித்த ஆழம்தான் நீங்கள் படித்த 3,000 கிலோமீட்டர். வியாழனின் நிறையில் சுமார் ஒரு சதவீதம், அதாவது மூன்று பூமிகளின் நிறை, இந்தக் காற்றோட்டத்தில் அடங்கும். அதற்குக் கீழே கோள் ஏறக்குறைய ஒரே கட்டாகச் சுழல்கிறது.

கேள்வி: வியாழனில் சுழலும் புயலான பெரும் சிவப்புப் புள்ளியும் அவ்வளவு ஆழமானதா?

பதில்: இல்லை. 2019இல் ஜூனோ அதன் மேலாக இருமுறை பறந்தபோது இதே முறையில் கிடைத்த அளவீடுகளின்படி, அந்தப் புயலின் ஆழம் 500 கிலோமீட்டருக்கு மேற்படாது.