5ஜி வீட்டு இணையம் சில ஊர்களுக்கு முன்னாடியே வந்துவிடுகிறதே, அதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஊர் பெரிதா சிறிதா என்று பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் வந்தது போன்களுக்கான 5ஜி. 2022 அக்டோபர் தொடக்கத்தில் ஏர்டெல் அதைத் தொடங்கிய எட்டு ஊர்களில் டெல்லி, மும்பை, சென்னையோடு நாக்பூரும் சிலிகுரியும் இருந்தன. கொல்கத்தா இல்லை, கோவையும் இல்லை. ஜியோ சென்னைக்கு வந்த அதே நாளில்தான் ராஜஸ்தானில் இருக்கும் நாத்துவாராவுக்கும் வந்தது. ஸ்ரீநாத்ஜி கோயில் இருக்கும் சின்ன ஊர் அது, அம்பானி குடும்பம் கும்பிடும் சாமி. ஏர்டெல்லின் எட்டில் ஒன்றான வாராணசி பிரதமரின் தொகுதி. இந்த இரண்டுக்கும் இன்ஜினியரிங் விளக்கம் தேடி மெனக்கெட வேண்டாம்.

மற்ற ஊர்களின் கதை வேறு. டவர்களுக்கு ஃபைபர் இழுக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அங்கே புரிந்தது: வயர்லெஸ் என்கிறோமே, டவரிலிருந்து உங்கள் மொட்டைமாடி வரைக்கும்தான் அது. டவருக்குப் பின்னால் எல்லாம் கேபிள்தான். 4ஜி காலத்தில் வட்டமான மைக்ரோவேவ் டிஷ் ஒன்றை மாட்டி அடுத்த டவரோடு இணைத்துச் சமாளித்தார்கள். 5ஜியின் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் ஓடும் டேட்டாவுக்கு அது திணறும், ஃபைபர் வேண்டும். 5ஜி தொடங்கிய சமயத்தில் நாட்டின் டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குத்தான் ஃபைபர் போயிருந்தது.

ஃபைபர் இழுப்பதில் கேபிள் செலவு சின்ன விஷயம். பர்மிஷன்தான் ஆளைக் கொல்லும். ஒரே ரூட்டில் கொஞ்ச தூரம் மாநகராட்சி ரோடு, அப்புறம் நெடுஞ்சாலைத் துறை, நடுவில் ஒரு ரயில்வே கிராசிங் என்றால் மூன்று இடத்திலும் தனித்தனியாக விண்ணப்பம், கட்டணம், டெபாசிட். சென்னையில் வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் மாநகராட்சி ரோடு வெட்டவே விடாது. பர்மிஷன் சீக்கிரம் கிடைக்கும் ஊர் முந்திக்கொள்ளும்.

அலைக்கற்றையை ஊர் ஊராக விற்பதில்லை, டெலிகாம் வட்டம் வட்டமாக (தாலுகா இல்லை, ஏறக்குறைய ஒரு மாநில அளவு). தமிழ்நாடு முழுக்க ஒரே வட்டம், சென்னையும் அதில் அடக்கம். ஆகவே லைசென்ஸ் கையில் இருந்தும், பர்மிஷன் சிக்கல் இல்லாமலும் ஒரு ஊரை விடுகிறார்கள் என்றால் அது வருமானக் கணக்கு. பணம் இல்லாவிட்டால் பெருநகரமும் காத்திருக்கும்: வோடஃபோன் ஐடியாவின் 5ஜி மும்பைக்கே 2025 மார்ச்சில்தான் வந்தது.

போனுக்கு 5ஜி வந்த பிறகும் வீட்டு இணையம் தாமதமாவதற்கு ஒரு காரணம் டிவி. ஒரு வீட்டின் டிவி ராத்திரி முழுக்க இழுக்கும் டேட்டா முன்னால் போன் ஒன்றுமே இல்லை. அதனால்தான் 5ஜி வந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், ஜியோவின் 5ஜி வீட்டு இணையமான ஏர்ஃபைபர் எட்டுப் பெருநகரங்களில் தொடங்கியது. ஒரு டவர் தாங்கும் வீடுகளுக்கு ஓர் அளவு உண்டு, அது நிரம்பிவிட்டால் பக்கத்துத் தெருவுக்குக்கூட இல்லை என்பார்கள்.

மீனம்பாக்கம் மாதிரி விமான நிலையத்தை ஒட்டிய இடங்களுக்குத் தனிச் சிக்கல். விமானத்தின் உயரமானியைப் பாதிக்கலாம் என்று, ரன்வே முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டருக்குள் அந்த 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5ஜி கருவி வைக்க வேண்டாம் என 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை சொல்லிவிட்டது.

உங்கள் ஊருக்கு எப்போது என்று கஸ்டமர் கேரில் கேட்டுப் பயனில்லை. டவர் இருக்கும் ரோட்டோரம் ஃபைபருக்கான பிளாஸ்டிக் குழாய்ச் சுருள்களை இறக்கிப் போட்டுப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தால், அங்கே நிற்கும் சூப்பர்வைசரிடம் எந்த டவருக்கு இழுக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் மறைக்காமல் சொல்லிவிடுவார்.