இசை மென்பொருளோடு வரும் எஃபெக்ட்களே போதுமா, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

கேள்வியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு மிக்ஸ் (தனித்தனிப் பதிவுகளைக் கலந்து ஒரே பாட்டாக்குவது) சரியாக வரவில்லை, யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டீர்கள், இப்போது கார்டைக் கையில் எடுத்து வைத்திருக்கிறீர்கள். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். என்ன, கார்டு என்னுடையது இல்லை, சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுடையது.

மியான்மரில், யாங்கோனில் இருக்கிறேன். பகலில் கடைக் கணக்கு, ராத்திரியில் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருள். கோயில் பாட்டு, கல்யாண நாதஸ்வரம் என்று பதிவு செய்து கொடுப்பேன். சினிமா மிக்ஸிங் செய்பவர்கள் தயவுசெய்து சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் உலகம் வேறு.

பெகு பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் தீமிதிக்காக, சின்ன அப்பத்தாவைப் பாடவைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன். 78 வயது, ஆனால் குரல் கம்பி மாதிரி நிற்கும். பம்பையும் உடுக்கையும் கூட உண்டு. மச்சான் மகன் லீவுக்கு வந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மாமா, இன்னும் ஸ்டாக் பிளக்இன்லயா மிக்ஸ் பண்றீங்க?" என்று கேட்டான். ஸ்டாக் பிளக்இன் என்றால் மென்பொருளோடேயே வரும் எஃபெக்ட். கேட்டுவிட்டு அவன் சிரித்த அந்தச் சிரிப்பு மூன்று நாள் தூங்கவிடவில்லை. மச்சானுக்கு போன் போட்டேன். ஒரு ஈக்யூ (அடி ஒலி, கீச்சொலி எதையும் தனித்தனியே ஏற்றி இறக்குவது), ஒரு கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), ஒரு ரிவர்ப் (எதிரொலி சேர்ப்பது) வாங்கினோம். ரீப்பருக்கே நான் கொடுத்தது 60 டாலர்தான். இந்த மூன்றும் அதைப் போல பல மடங்கு.

கம்ப்ரஸரைப் போட்டதும் அப்பத்தா குரல் அப்படியே முன்னால் வந்து நின்றது. ஆகா, காசு வீண் போகவில்லை என்று நினைத்தேன். மறுநாள்தான் மீட்டரைப் பார்த்தேன். அது தானாகவே சத்தத்தை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, ஏறத்தாழ ஒன்றரை டெசிபல். காதுக்குச் சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நல்லதாகத் தெரியும். அரை டெசிபல் போதும் நம்மை ஏமாற்ற.

வாங்கியது, ரீப்பரோடு வந்தது இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பெயர் தெரியாத கோப்புகளாக்கி, எது எது என்று என் வீட்டுக்காரியிடம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டேன். கம்ப்ரஸரில் பத்துக்கு ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். (பத்து முறை போதாது என்று புள்ளியியல் படித்தவர்கள் சொல்வார்கள். சரி, நீங்கள் நூறு முறை கேளுங்கள்.) ஈக்யூவுக்கு வேறு சோதனை. இரண்டிலும் ஒரே வளைவை அமைத்து, ஒரு டிராக்கின் அலையை மட்டும் தலைகீழாக்கிச் சேர்த்து ஓடவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்க வேண்டும். அழிந்தது. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில், மிகக் கீச்சான ஒலிகளின் மேல் எல்லையை ஒட்டி மட்டும் லேசாக ஒரு 'ஸ்ஸ்' மிச்சம். அந்த உயரத்தில் வளைவைக் கணக்கிடும் விதம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும். என் வயதுக் காதுக்கு அது எட்டவே எட்டாது.

ரிவர்ப் கதை வேறு. பத்துக்குப் பத்தும் கண்டுபிடித்தேன். ரீப்பரோடு வரும் ரியாவெர்பேட், பம்பை அடிக்குப் பின்னால் தகரத்தைத் தட்டியது மாதிரி ஒரு வால் விட்டது. வாங்கியது நிஜமாகவே அழகு. இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் பொய்யன்.

ஆனால் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அந்த அழகான ரிவர்ப் திறக்கவில்லை. உரிமத்தைச் சரிபார்க்க இணையம் வேண்டுமாம். கரண்ட் இல்லை, இணையமும் இல்லை, லேப்டாப்பில் இரண்டு மணி நேர பேட்டரி. வாங்கிய பொருளை என் வீட்டிலேயே பயன்படுத்த நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அப்போதுதான் ரியாவெர்ப் ஞாபகம் வந்தது. அதுவும் ரீப்பரோடு வருவதுதான். ஓர் இடத்தின் எதிரொலியைப் பதிவு செய்து கொடுத்தால், அந்த இடத்திலேயே பாடியது போல் ஆக்கிவிடும். பலூன் பாக்கெட்டும் ரெக்கார்டருமாகக் கோயிலுக்குப் போனேன். மதியம், மின்வெட்டு நேரம். ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை, மண்டபம் அத்தனை அமைதி. ஒரு பலூனை ஊதி, தூண் பக்கம் நின்று ஊசியால் குத்தினேன். 'டப்'. ஒலி கூரையில் ஏறி, ஏறத்தாழ இரண்டு நொடி கழித்து அடங்கியது. புறா எல்லாம் பறந்தது. உள்ளேயிருந்து குருக்கள் ஓடி வந்து, "ஏம்பா, சாமி தூங்கற நேரத்துல பட்டாசு கொளுத்தறியா?" என்றார். இரண்டாவது பலூனுக்கு அவரே தள்ளி நின்று காதைப் பொத்திக்கொண்டார். பலூனில் அடி ஒலி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வராது என்பதால் ஐந்தாறு உடைத்து நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். அப்பத்தா குரல் அந்த மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தது.

ஆக, ஈக்யூவுக்கும் கம்ப்ரஸருக்கும் காசு கொடுக்காதீர்கள். ரிவர்புக்குக் கொடுக்கலாம், அதுவும் பலூனை முயன்ற பிறகு. பின்னணி இரைச்சலைக் கழிக்க ரீப்பரோடு வரும் ரியாஃபிர் போதும், அதிகம் கழித்தால் குரல் தண்ணீருக்குள் பேசுவது மாதிரி ஆகும். ஜெனரேட்டர் முனகலுக்கு, அது ஒலிக்கும் 50 ஹெர்ட்ஸில் ஈக்யூவால் ஒரு பள்ளம் வெட்டினேன், நிற்கவில்லை. பக்கத்தில் யாராவது தண்ணீர் மோட்டார் போட்டால் சின்ன ஜெனரேட்டரின் சுற்று குறையும், முனகலும் பள்ளத்தை விட்டு நழுவிவிடும். தெரு "மீ லா பீ" (பர்மிய மொழியில் 'கரண்ட் வந்துவிட்டது') என்று கத்தும் வரை காத்திருந்து, ஜெனரேட்டரை அணைத்துவிட்டு மறுபடி பதிவு செய்தேன். அதற்கு எந்த பிளக்இன்னும் ஈடில்லை.

இவ்வளவும் செய்து கொடுத்தால், கமிட்டி அதைக் குழாய் ஸ்பீக்கரில் ட்ரெபிளைத் திருகிவிட்டுப் போட்டது. அது போகட்டும். நோட்டீஸில் பந்தல் உபயம், மோர் உபயம், மாலை உபயம் என்று நாற்பது பெயர், சிலருக்குப் படத்தோடு. சின்ன அப்பத்தா பெயர் ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு "இடம் பத்தல தம்பி" என்றார்கள். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை, நோட்டீஸை மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டது.

பலூன் உடைக்கப் போவதானால் குருக்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.